புனர்பூசத்தருகே ஒரு புதிர்

முன்னோர் கடாரம் என்று வழங்கிய கெடாவில், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன்பே பெரட்டுக்குச் சென்ற பால்மரத் தொழிலாளர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் உச்சிவானுக்குச் சற்று வடக்கே புனர்பூசத்தின் இரு விண்மீன்களைக் கண்டிருப்பர். அவற்றுக்குத் தெற்கே வெறுங்கண்ணுக்குப் புலப்படாத மீன் ஒன்று உண்டு. அதன் புதிர் அவிழ்ந்த வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார்.

1855 டிசம்பரில் ஹிண்ட் என்னும் ஆங்கிலேயர் அம்மீனை இலண்டனில் கண்டார். சில நாள்களில் அது மங்கிவிட்டது. 1856 மார்ச்சில் அது மீண்டும் ஒளிர்ந்ததைக் கண்டவர் நார்மன் போக்சன். ஐந்து படிக்கு நூறு மடங்கு என, விண்மீன் ஒளிக்கு இன்றும் வழங்கும் அளவுகோலை அதே ஆண்டில் வகுத்தவரும் அவரே. 1861-இல் சென்னை வானாய்வகத்துக்குத் தலைவராக வந்த அவர், 1891-இல் அந்நகரிலேயே மறைந்தார். அவருக்குத் துணைநின்ற சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867-இல் ஒளிமாறு மீன் ஒன்றைத் தாமே கண்டறிந்தார். துரையின் பெயர் நின்றது. துணைவர் பெயரைத் தமிழருள்ளும் சிலரே அறிவர்.

1930-இல் ரப்பர் விலை வீழவே, தோட்டத் தமிழர் பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாண்டுதான் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் பம்பாயில் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். எரிந்து முடிந்த விண்மீனின் எச்சமே வெண்குள்ளன். கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட பொருண்மையை அது தாங்காது என்னும் முடிவுக்கு அவரது கணக்கு இட்டுச் சென்றது. 1935-இல் எடிங்டன் அதனை அவையில் எள்ளினார். நோபெல் பரிசு 1983-இல்தான் வந்தது.

புனர்பூசத்தருகே உள்ள மீனும் அத்தகைய வெண்குள்ளனும் ஒரு சிறு துணைமீனும் கூடிய இரட்டையே என்பது 1960-களில் தெளிவாயிற்று. நாலேகால் மணி நேரத்தில் அவை ஒன்றையொன்று சுற்றுகின்றன. துணைமீனின் வாயு வழிந்து, வெண்குள்ளனைச் சூழ்ந்து தட்டுப்போல் சுழல்கிறது. துணைமீனிலிருந்து பாயும் வாயு திடீரென மிகுவதே ஒளிர்வுக்குக் காரணம் என்றனர் ஒரு சாரார். தட்டில் தேங்கிய வாயு சரிவதே காரணம் என்றார் ஜப்பானிய அறிஞர் ஓசாக்கி, 1974-இல். பின்வந்தோர் கணக்குகள் அவர் பக்கமே நின்றன. வாயு குளிர்ந்திருக்கையில் உராய்வு குறைவு. ஆதலின் அது உள்ளே இறங்காது தேங்கும். தேங்கத் தேங்க வெப்பம் ஏறி, ஹைட்ரஜன் அணுவிலிருந்து மின்னணு பிரியும். உடனே உராய்வு பன்மடங்காகும், வாயு வெண்குள்ளனை நோக்கி விரைந்து இறங்கும், தட்டு சுடர்விடும். போக்சனின் அளவுகோலில் ஐந்து படி! மீன் வெடிப்பதில்லை, சுடர்வது தட்டு மட்டுமே.

சராசரியாக நூறு நாளுக்கொருமுறை இது நிகழ்கிறது. ஆயினும் நாள் குறிக்க எவராலும் இயலவில்லை. வழக்கமாக ஓரிரு வாரத்தில் அடங்கும் ஒளிர்வு, 1985-இல் ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது.