பச்சிங்கோ கடையை ஏன் கொரியர்கள் நடத்துறாங்க?

இன்னைக்கு எபிசோடுல ஒரு விளையாட்டோட கதை.

ஆபீஸ் வேலையா ஜப்பான்ல இருக்கும் ஒசாகாவுக்குப் போன முதல் வாரம், ஊரைச் சுத்திப் பார்க்கக் கிளம்பினேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பெரிய கட்டடம். கதவு திறந்ததும் தகரத்துல குண்டு மழை கொட்டுற மாதிரி சத்தம். உள்ளே வரிசை வரிசையா மெஷின்கள், ஒவ்வொன்னுக்கும் முன்னால ஒருத்தர். யாரும் யார்கூடவும் பேசல. அதுதான் பச்சிங்கோ.

செங்குத்தா நிற்கும் ஒரு பலகை, அதுல நூற்றுக்கணக்கான ஆணிகள். கைப்பிடியைத் திருப்பினால் 11 மில்லிமீட்டர் எஃகு குண்டு மேலே பாய்ந்து, ஆணிகளில் மோதி மோதிக் கீழே இறங்கும். சரியான துளைக்குள்ள விழுந்தா இன்னும் நிறைய குண்டு கிடைக்கும். அவ்வளவுதான் விளையாட்டு.

இதோட மூலம் ஐரோப்பாவின் பகாடெல். 1920களில் அது பொம்மையாக ஜப்பானுக்கு வந்து, மிட்டாய்க் கடைகளில் குழந்தைகள் விளையாட்டா இருந்துச்சு. போர்க்காலத்தில் கடைகளை மூடிட்டாங்க. போர் முடிந்ததும் நகோயா நகரத்தில் மசாமுரா தாகெஇச்சி என்பவர் ஆணி அடிக்கும் முறையையே மாத்தினார். ஒரே சீரா இருந்த ஆணிகளுக்கு நடுவே இடைவெளியும் சின்னச் சின்னக் காற்றாடிகளும் வந்தன. குண்டு எங்கே போகும்னு கணிக்க முடியாது, அதனால கண்ணையும் எடுக்க முடியாது. எல்லாமே ரேஷனா இருந்த நாட்டில் பரிசா சிகரெட் கிடைச்சது. கூட்டம் அள்ளுச்சு.

இப்போ சட்டத்துக்கு வருவோம். ஜப்பானில் சூதாட்டம் குற்றம். அதனால கடையில பணம் தர மாட்டாங்க, ஒரு சின்னப் பரிசுப் பொருள்தான் தருவாங்க. டோக்கியோவில் அதுக்குள்ள துளியூண்டு தங்கம் இருக்கும். அதைப் பக்கத்துச் சந்துல இருக்கும் ஒரு குட்டி ஜன்னல்ல நீட்டினா, பணம் வரும். ஜன்னல்காரரிடமிருந்து ஒரு மொத்த வியாபாரி அதை வாங்கி, திரும்பக் கடைக்கே விற்பார். மூணும் தனித்தனி வியாபாரம், ஒவ்வொன்னும் தனியா டெஸ்ட் பாஸ். சேர்த்து ஓட்டினாதான் சூதாட்டம்! இந்த ஏற்பாடு 1960களின் தொடக்கத்தில் ஒசாகாவில் உருவானது. பரிசை வாங்கி விற்கும் வேலையில் புகுந்திருந்த யாக்கூசா ரவுடிகளை வெளியேத்துறதும், போரில் கணவனை இழந்த பெண்களுக்கு வேலை தருவதும்தான் நோக்கம்.

ஆனா என்னை உலுக்கியது வேற விஷயம். இந்தத் தொழிலின் பெரும்பகுதியை வளர்த்தவர்கள் ஜப்பான்வாழ் கொரியர்கள். ஏன்?

1910இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்தது. பிழைப்புக்காக வந்தவர்கள், கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்டவர்கள்னு லட்சக்கணக்கான கொரியர்கள் ஜப்பானில் சேர்ந்தார்கள். போருக்குப் பிறகு சுமார் 6 லட்சம் பேர் அங்கேயே தங்கிட்டாங்க. 1952இல் அவர்களுடைய ஜப்பானியக் குடியுரிமை ஒரே நாளில் போச்சு. அரசு வேலைக் கதவு மூடியது. தேசிய ஓய்வூதியத்தில் சேர 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹான் சாங்-ஊ என்பவரைப் பாருங்க. 1945இல், 14 வயசுல, கொரியாவிலிருந்து படகில் வந்தவர். ஹோசேய் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். வேலை கிடைக்கல. அக்கா வீட்டுக்காரரின் பச்சிங்கோ கடையில் போய்ச் சேர்ந்தார். அவர் பின்னாளில் உருவாக்கிய மாருஹான், ஜப்பானின் மிகப்பெரிய பச்சிங்கோ நிறுவனங்களில் ஒன்று.

'அந்தக் காலக் கஷ்டம்'னு தள்ளிடாதீங்க. 1970இல், ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்த பாக் சோங்-சோக் என்ற இளைஞர் ஹிட்டாச்சியின் தேர்வில் பாஸானார். ஜப்பானியப் பெயரில் விண்ணப்பித்தவர் கொரியர் என்று தெரிஞ்சதும், கொடுத்த வேலையைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. அவர் வழக்குப் போட்டு, 1974இல் யோகோஹாமா நீதிமன்றத்தில் ஜெயித்தார். கையில் ஆஃபர் லெட்டர் வாங்கிய ஒவ்வொருத்தருக்கும் இதோட வலி புரியும்.

இதனால பச்சிங்கோ புனிதமாயிடாது. அதுல சம்பளத்தைத் தொலைத்து, கடனில் மூழ்கிய குடும்பங்கள் ஏராளம். 2018இல் வந்த சூதாட்ட அடிமைத்தனத் தடுப்புச் சட்டம் பச்சிங்கோவையும் சேர்த்துத்தான் பேசுது. ஒரு சட்டத்துக்கு அது சூதாட்டம் இல்லை, இன்னொரு சட்டத்துக்கு அது நோய்.

பச்சிங்கோ கடைக்காரர்களை ஒதுக்கி வைத்துப் பேசுவது அங்கே இன்னும் இருக்கு. மத்த கதவுகளை எல்லாம் மூடிட்டு, திறந்திருந்த ஒரே கதவு வழியாக நுழைந்தவரை 'ஏன் இங்கே வந்தே?'ன்னு கேட்பது என்ன நியாயம்?

உங்க ஊரில் இப்படி ஒரே சமூகத்தார் கையில் இருக்கும் தொழில் எது? ஏன் அவங்க கைக்கு வந்துச்சு? யோசிச்சு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.