துடிப்பா, புரதமா? மூளைக்காயமுற்ற முன்னாள் படைவீரர்களிடம் நடந்த புரோபயாடிக் சோதனை: ஒரு மறுவாசிப்பு

லேசான மூளைக்காயத்தின் நீடித்த தொல்லைகளும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறும் ஒருங்கே கொண்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 31 பேரிடம் கொலராடோவில் நடந்த சோதனையை லிசா பிரென்னர் குழுவினர் 2020-இல் வெளியிட்டனர். லாக்டோபசில்லஸ் ரியூட்டரி டிஎஸ்எம் 17938 என்ற புரோபயாடிக் நுண்ணுயிரி ஒரு பிரிவினருக்கும் வெற்று மருந்து மறு பிரிவினருக்கும் ஏறத்தாழ 8 வாரம் தரப்பட்டது. இச்சோதனையை எடுத்தாள்வோரில் ஒரு சாரார் அதிலிருந்து பெரும்பாலும் ஓர் எண்ணையே உருவிக்கொள்கின்றனர். நெருக்கடியின்போது இதயத்துடிப்பு புரோபயாடிக் பிரிவில் நிமிடத்துக்குச் சராசரியாக 5.3 மட்டுமே கூடியது. வெற்று மருந்துப் பிரிவில் 16.9 கூடியது, பி மதிப்பு 0.006. அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் புரோபயாடிக் பிரிவில் அதிகம் குறைந்தது என்ற மற்றொரு முடிவின் பி மதிப்பு 0.056. 0.05 என்ற வழக்கமான கோட்டுக்குக் கீழே வராததால் அது ஓரங்கட்டப்படுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

துடிப்பு அளக்கப்பட்ட விதத்தைப் பார்ப்போம். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளியான சமூக நெருக்கடித் தேர்வு இங்கே பயன்பட்டது. அதன் மூல வடிவில், முகபாவம் காட்டாத நடுவர்கள் முன் நின்று பேச வேண்டும்; பிறகு 1022-இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். 1009, 996, 983... தவறினால் மீண்டும் 1022. மேற்சொன்ன துடிப்பு வேறுபாடு இந்தக் கணக்குப் பகுதியில்தான் கிடைத்தது. ஆனால் இத்தேர்வு நுண்ணுயிரியை உட்கொண்டு முடித்த பின்னர் மட்டுமே வைக்கப்பட்டது. அதற்கு முன் இவர்களின் இதயம் இதே நெருக்கடிக்கு எப்படித் துடித்திருக்கும் என்பதற்கு ஒப்பீடு இல்லை. சமவாய்ப்பு முறையில் பிரித்ததால் இரு பிரிவும் நிகரே எனச் சொல்லலாம்தான். நூற்றுக்கணக்கானோர் இருந்தால் அது தாங்கும்; 31 பேரில் தாங்காது. மன அழுத்தக் கோளாறு உடையவர்களிடையே நெருக்கடித் துடிப்பு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும்; உட்கொள்ளும் மருந்துகளும் அதற்கு ஒரு காரணம்.

இருமுறை வைத்தால் தேர்வு பழகிப்போய்விடும் என்பது இன்னொரு சமாதானம். நெருக்கடி ஹார்மோனான கார்டிசாலுக்கு அது பொருந்தும். துடிப்புக்குப் பொருந்தாது. மீண்டும் மீண்டும் வைத்தாலும் துடிப்பு பெருமளவு முன்போலவே ஏறுவதை இதே தேர்வைக் கொண்டு ஆய்வாளர்கள் 2003-இலேயே காட்டிவிட்டனர்.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. இத்தேர்வில் நலமுள்ளவர்களுக்கே துடிப்பு உச்சத்தில் 15 முதல் 25 வரை ஏறுவது வழக்கம். அப்படியானால் 16.9 இயல்பை ஒட்டியது. விளக்கம் வேண்டி நிற்பது 5.3 தான். மட்டுப்பட்ட இதய எதிர்வினை எப்போதும் நலத்தின் அடையாளமாக இருப்பதில்லை. மனச்சோர்விலும் அது காணப்படுகிறது. மூளைக்காயத்தால் கவனம் தடுமாறும் ஒருவர் நாலைந்து முறை 1022-க்குத் திரும்பிய பின், ‘இது நமக்கு ஆகாது’ என்று உள்ளுக்குள் கைவிட்டிருந்தாலும் துடிப்பு தணிந்தே இருக்கும். அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாம் உணர்ந்த நெருக்கடியைப் பங்கேற்றவர்களே மதிப்பிட்டபோது இரு பிரிவுக்கும் வேறுபாடு கிட்டவில்லை. இதயம் அமைதியானது, மனம் அமைதியாகவில்லை என்றால் சிகிச்சை பலித்தது என்று எந்த அடிப்படையில் சொல்வது? குடலையும் இதயத்தையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டிய எலிகளில் நுண்ணுயிரியின் விளைவு மறைந்த 2011 ஆய்வை இங்கே துணைக்கு அழைக்கிறார்கள். அது வேறு நுண்ணுயிரி, வேறு உயிரினம். அதற்கு மேல் அதில் நிற்கத் தேவையில்லை.

புரதத்தின் நிலை வேறு. அது முன்னும் பின்னும் அளக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடு. சோதனையின் அடிப்படைக் கருதுகோளும் நோயெதிர்ப்பைச் சீராக்குவது பற்றியதே. ஆகவே தேடிய இடத்தில் கிடைத்த முடிவு அது. ஒரு ஜலதோஷம் போதும் அந்தப் புரதத்தை ஏற்றிவிட. உடல் எடையும் அதை இழுக்கும். இவ்வளவு சிறிய குழுவில் 0.056 தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் முன்னளவு இல்லாத 0.006-ஐக் காட்டிலும் முன்னளவு உள்ள 0.056-ஐ நம்பவே நான் தயார். பி மதிப்பு கணக்கீட்டின் விளைவு. அளவீட்டுக் குறையை அது நிரப்பாது.

சோதனை உண்மையில் கேட்ட கேள்வி எளியது: இத்தகைய நோயாளிகள் இதை ஒழுங்காக உட்கொள்வார்களா, தீங்கு நேருமா? ஒழுங்காக உட்கொண்டார்கள், பாதுகாப்பானதாகவும் தெரிந்தது. முன்னோட்ட ஆய்வுக்கு அது நிறைவான விடை. அடுத்த சோதனை புரதத்தையே முதன்மை அளவீடாக முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அழற்சி உயர்ந்திருப்பவர்களை மட்டுமே சேர்க்க வேண்டும். துடிப்பும் வேண்டுமென்றால் நெருக்கடித் தேர்வை இருமுறை வைத்து, எத்தனை கழித்தல் சரியாகச் செய்தார்கள் என்ற எண்ணிக்கையையும் துடிப்போடு சேர்த்து அச்சிட வேண்டும்.