மைதானம் தாவும் ரசிகர்கள்

கால்பந்து ரசிகர் என்றால் ஒரு அணி, ஒரு ஜெர்சி, டிவி முன்னால் விழித்திருக்கும் ஓர் இரவு... இதுதான் நமக்குத் தெரிந்தது. இங்கிலாந்தில் இன்னொரு ரகம் உண்டு. யார் ஜெயித்தார்கள் என்பது இவர்களுக்கு இரண்டாம்பட்சம், எந்த மைதானம் என்பதுதான் முக்கியம்! இதுவரை பார்க்காத ஒரு மைதானத்தைத் தேடி சனிக்கிழமை காலையில் ரயில் ஏறிவிடுவார்கள். மைதானத்துக்கு மைதானம் தாவுவதால் இவர்களுக்கு 'கிரவுண்ட்ஹாப்பர்' என்று பெயர்.

இங்கிலாந்தின் முதல் நான்கு டிவிஷன்களில் மொத்தம் 92 அணிகள். அந்த 92 மைதானங்களிலும் மேட்ச் பார்த்தவர்களுக்காகவே 1978-இல் '92 கிளப்' தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மைதானத்தின் கதையையும் சொல்லும் சைமன் இங்லிஸின் புத்தகம் 1983-இல் வெளியானது. பலர் 92-உடன் நிற்பதில்லை. ஷெஃபீல்டில் ஹாலம் என்ற சின்ன கிளப்பின் சாண்டிகேட் மைதானத்துக்கும் போவார்கள். 1860 டிசம்பர் 26 அன்று ஷெஃபீல்டும் ஹாலமும் மோதிய இடம் அது. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் அங்கீகரித்திருக்கிறது.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானே என்று தோன்றலாம். ஆனால் இவர்கள் தேடிப்போகும் மைதானங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

1985-இல் பிராட்ஃபோர்டில் மர ஸ்டாண்ட் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். 1989-இல் ஹில்ஸ்பரோ நெரிசல் 97 உயிர்களைப் பறித்தது. பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று 1990-இல் டெய்லர் அறிக்கை சொன்னது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் வீடுகளுக்கு நடுவே நெருக்கிக் கட்டிய பழைய மைதானங்களை மாற்றுவது பெரிய செலவு. ஊருக்குள் இருக்கும் அந்த நிலத்துக்கோ நல்ல விலை! 1997-இல் போல்டன் அணி பர்ன்டன் பார்க்கை விட்டுப் போனது, அந்த இடத்தில் சூப்பர் மார்க்கெட் வந்தது. 2006-இல் ஆர்சனல் விட்டுச்சென்ற ஹைபரி அடுக்குமாடிக் குடியிருப்பானது.

பெரிய கிளப்புகள் புது மைதானம் கட்டிக்கொண்டு பிழைத்துக்கொண்டன. சின்ன கிளப்புகள்? ஸ்கார்பரோவின் கதையைப் பாருங்கள்.

வடகிழக்குக் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவின் அணி 1898 முதல் ஒரே மைதானத்தில் ஆடியது. நான்காம் டிவிஷனுக்குள் நுழைய அதுவரை மற்ற கிளப்புகளின் ஓட்டு வேண்டும். 1987-இல் அந்த முறை மாறியது. ஓட்டு இல்லாமல், ஆட்டத்தின் பலத்தால் மட்டும் உள்ளே வந்த முதல் அணி ஸ்கார்பரோதான். உருளைக்கிழங்கு சிப்ஸ் கம்பெனியான மெக்கெயின் ஸ்பான்சர் செய்ததால் மைதானத்துக்கு 'சிப்ஸ் தியேட்டர்' என்று செல்லப்பெயரும் வந்தது!

1999 மே 8. தங்கள் மேட்ச் முடிந்து, தப்பித்துவிட்டோம் என்று ஸ்கார்பரோ ரசிகர்கள் நினைத்திருந்த நேரம். வேறொரு ஊரில், கடைசி நொடிகளில் கார்லைல் அணியின் கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் கோல் போட்டார். ஸ்கார்பரோ கீழே விழுந்தது.

வருமானம் குறைந்தது, கடன் ஏறியது. கிளப்பிடம் இருந்த ஒரே பெரிய சொத்து மைதானம். அதை வீடு கட்ட விற்று, கடனை அடைத்து, புது மைதானம் கட்டலாம் என்று திட்டம் போட்டார்கள். ஆனால் அந்த நிலத்தை விளையாட்டுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தது. கணக்குப் புத்தகத்தில் சொத்து, கையில் காசாக மாறாத சொத்து! 2007 ஜூனில் கிளப் கலைக்கப்பட்டது. மைதானத்தைக் காப்பாற்ற எழுதிய நிபந்தனை கிளப்பையும் காப்பாற்றவில்லை, மைதானத்தையும் காப்பாற்றவில்லை. 2011-இல் இடித்தார்கள். பிறகு அங்கேயும் சூப்பர் மார்க்கெட் வந்தது.

ரசிகர்கள் விடவில்லை. அதே 2007-இல் தாங்களே உரிமையாளர்களாக ஸ்கார்பரோ அத்லெடிக் கிளப்பைத் தொடங்கினார்கள். பத்து சீசன்கள் பக்கத்து ஊரான பிரிட்லிங்டனில் ஆடிவிட்டு, 2017-இல் சொந்த ஊர் திரும்பினார்கள்.

இப்படிப்பட்ட கிளப்புகளுக்கு வெளியூர் ரசிகரின் ஒரு டிக்கெட், ஒரு மேட்ச் புத்தகம், ஒரு கப் டீ எல்லாமே வருமானம்தான். சில நூறு பேர் மட்டுமே வரும் இடத்தில் ஐம்பது பேர் கூடுதலாக வந்தால் யோசித்துப் பாருங்கள்! மைதானம் போன பிறகு அங்கே ஸ்டாண்ட் எப்படி இருந்தது, கேட் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்ல இவர்களின் குறிப்பேடும் போட்டோக்களும் மிஞ்சும். நிலத்தின் விலையை யாரும் கணக்குப் போட்டுவிடலாம். அங்கே நூறு வருஷம் கூடிய கூட்டத்தின் மதிப்பைப் போய்ப் பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும்.