பூக்காத கொடியின் கதை

பாடியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஒரு பிடி மண் கிடையாது, வாசல்வரை சிமென்ட். அம்மாவின் தோட்டம் என்பது ஜன்னல் கட்டையில் இருந்த ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்தான். அதில் மணி பிளான்ட். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்காமல் கிள்ளிவந்தது. "திருடி வெச்சாத்தான்டா வளரும்" என்பாள்.

அந்தக் கொடியின் பூர்வீகம் பசிபிக் கடலில், தாஹித்திக்குப் பக்கத்திலுள்ள மோரேயா தீவு. 1880இல் லிண்டென், ஆந்த்ரே இருவரும் அதற்கு 'போதோஸ் ஆரியஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1908இல் எங்லர் அதை வேறொரு பேரினத்துக்கு மாற்றினார். பூவைப் பார்த்துத்தான் ஒரு செடியின் குடும்பத்தைச் சரியாகச் சொல்ல முடியும், இதுவோ பூப்பதேயில்லை. 1960களின் தொடக்கத்தில் அபூர்வமாகப் பூ கிடைத்த பிறகு, 1964இல்தான் 'எபிப்ரெம்னம் ஆரியம்' என்ற இன்றைய பெயர் வந்தது.

ஏன் பூப்பதில்லை? பூக்கத் தூண்டும் ஜிப்பரெலின் என்ற ஹார்மோனைச் செய்யும் மரபணு ஒன்று இதில் சரியாக வேலை செய்யவில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது செடி பூத்தது.

பூ இல்லை, அதனால் விதையும் இல்லை. அப்படியும் இது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இலங்கையில் காட்டுக்குள் புகுந்து ஆக்கிரமிப்புத் தாவரமாகவே ஆகிவிட்டது. இதற்கு விதை மனிதக் கைதான். கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டித் தண்ணீரில் போட்டால் போதும், சில வாரங்களில் வேர் விடும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றணும். உச்சிவெயில் பட்டால் இலை கருகும். வெளிச்சம் ரொம்பக் குறைந்தால் மஞ்சள் வரிகள் மங்கிப் பச்சையாகிவிடும். மரத்தில் ஏறவிட்டால் இலை முறம்போல் விரிந்து கிழிபடும். ஜன்னல் கட்டையில் இருக்கும்வரை அது குழந்தைதான்.

வெட்டிவைத்த துண்டு புதுச்செடி இல்லை, பழைய செடியேதான். அம்மா போன பிறகு வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது. பாட்டில் வற்றி, கொடி காய்ந்துவிட்டது. வீட்டைக் காலி செய்த அன்று பக்கத்து வீட்டுப் படியோரம் அதே கொடி, அதே மஞ்சள் வரிகளோடு. கேட்டிருந்தால் தொட்டியோடு தந்திருப்பார்கள். நான் ஒரு கணு கிள்ளினேன். அக்கா பார்த்தும் பார்க்காததுபோல் உள்ளே போய்விட்டார்.