ஆளுக்கு ஒரு வெள்ளி

"டீச்சர், சாதாரண ஆளுங்க ஒன்னு சேர்ந்தா அப்படி என்ன மாறிடப் போகுது?"

சமூக மாற்றம் பற்றிய கட்டுரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த படிவம் 4 மாணவன் ஒருவன் கேட்டான். காந்தி, மார்ட்டின் லூதர் கிங் என்று தொடங்கினேன். "அவங்கள்லாம் பெரிய தலைவருங்க டீச்சர்" என்றான். சரி, நம்ம ஊர்க் கதையையே சொல்வோம் என்று இதைச் சொன்னேன்.

1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. அங்கே இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, சமஸ்கிருதத்துக்கு முதன்மை தரும் பரிந்துரை எழுந்தது. ஆனால், இங்கு வாழ்ந்த இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தமிழுக்கே அந்த இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. துறைக்குத் தமிழ் நூலகம் அமைக்க 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார்.

அன்று பால்மரம் வெட்டியவருக்கு ஒரு வெள்ளி சின்னக் காசு இல்லை. தம் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவார்கள் என்ற உறுதியும் இல்லை. இருந்தும் கொடுத்தார்கள்.

இது எப்படி நடந்தது? ஒன்று, கேட்ட தொகை எல்லாராலும் முடிந்தது. கொடுத்த ஒவ்வொருவருக்கும் 'இது என் நூலகம்' என்ற உரிமை வந்தது. இரண்டு, 'தமிழை வளர்ப்போம்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'புத்தகம் வாங்கணும்' என்று தெளிவாகச் சொன்னார்கள். மூன்று, மக்களை இணைக்கும் பாலம் முன்பே இருந்தது. 1935 முதல் தமிழ் முரசும் 1952 முதல் தமிழர் திருநாளும் ஊர் ஊராகத் தமிழர்களைச் சேர்த்து வைத்திருந்தன.

1956-இல் துறை தமிழோடு தொடங்கியது. பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. 1961-இல் தனிநாயகம் அடிகளார் அதன் தலைவரானார். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. ஒரு வெள்ளி மட்டுமே இதையெல்லாம் செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால், தமிழ் கேட்பது ஒரு பத்திரிகை ஆசிரியர் மட்டும் அல்ல, ஒரு சமூகமே என்பதை அந்த வெள்ளிகள் காட்டின.

ஆசிரியர்களே, கதையைச் சொன்னபின் மாணவர்களைக் குழுவாகப் பிரித்து இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "உங்க வட்டாரத்துல எதுக்காக ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்பீங்க? யார்கிட்ட முதல்ல போவீங்க?" கட்டுரைக்குக் கருத்து தானாக வரும்.

என் மாணவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்போ எஸ்.பி.எம்.ல நான் தமிழ் எடுக்கிறதும் ஒரு வெள்ளி மாதிரியா டீச்சர்?"

ஆமாம்ப்பா. அதேதான்.