சேரிகுஸ்: பட்டைக் குறித்த இலத்தீன் சொல்லும் தமிழகக் கடல்வணிகமும்

சேரிகுஸ் என்பது 'பட்டாலான' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரடை ஆகும். இது சேரிகோஸ் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெறப்பட்டது. பட்டு வந்த கீழைநாட்டு மக்களைக் கிரேக்கர் சேரெஸ் என்று அழைத்தனர். அவர்கள் நாட்டுத் துணி சேரிகோஸ் எனப்பட்டது. பட்டுப்புழு வளர்ப்பைக் குறிக்கும் செரிகல்ச்சர் என்ற ஆங்கிலச் சொல்லும் இவ்வேரிலிருந்து வந்ததே.

உரோமில் பட்டு

கி.பி. 16-இல் ஆண்கள் பட்டாடை அணிவதற்கு உரோமானிய செனட் தடை விதித்ததாக டாசிட்டஸ் குறிப்பிடுகிறார். முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிளினி, பட்டு என்பது மர இலைகளிலிருந்து சீவி எடுக்கப்படும் பஞ்சு என்றே எண்ணினார். இந்தியா, சீனா, அரேபியா ஆகிய நாடுகளுக்கு ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் நாணயங்கள் சென்றுவிடுவதாகவும் அவர் வருந்தினார்.

தமிழகத் துறைமுகங்கள்

அதே நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ் என்னும் வணிகக் கையேடு, சேர நாட்டு முசிறியிலும் பாண்டியர்க்குரிய நெல்கிண்டாவிலும் கிடைத்த ஏற்றுமதிப் பொருள்களைப் பட்டியலிடுகிறது. மிளகு, முத்து, தந்தம் ஆகியவற்றுடன் சேரிகோஸ் துணியும் அதில் இடம்பெறுகிறது. ஆயினும் அது தமிழகத்தில் விளைந்த பொருளன்று. தீனா எனப்பட்ட சீனத்திலிருந்து கங்கை வழியாக இக்கரைக்கு வந்தது என்று அந்நூலே விளக்குகிறது. எனவே, ஒலி ஒற்றுமையை மட்டும் கொண்டு சேரெஸ் என்போரைச் சேரர் எனக் கொள்வது பொருந்தாது. இவ்வணிகத்தில் தமிழகத் துறைமுகங்கள் பட்டைக் கைமாற்றி அனுப்பும் இடங்களாக விளங்கின.

தமிழரும் பட்டை அறிந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், பட்டைக் களைந்து மெல்லிய துகிலை உடுத்தும் மகளிர் காட்டப்படுகின்றனர்.

மண்ணும் சொல்லும்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை அருகே, வைப்பாற்றங்கரையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 முதல் அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், நூல் நூற்கப் பயன்படும் தக்களிகள் முதலியன அங்குக் கிடைத்தன. தக்களி நூற்புத் தொழில் நடந்ததைச் சொல்லும். நூற்ற நூலும் நெய்த துணியுமோ நம் மண்ணில் பெரும்பாலும் மட்கிவிடும். மட்கிப்போன துணி எங்கிருந்து எங்குச் சென்றது என்பதை அறிய, சேரிகோஸ் போன்ற கடன்சொற்களும் அவற்றைப் பதிந்த பழைய ஏடுகளுமே பல இடங்களில் சான்றாக எஞ்சியுள்ளன.