மரண ஊசி பிறந்த கதை

அமெரிக்காவில் 1972-ல் நின்றுபோன மரண தண்டனைக்கு 1976-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் வழிவிட்டது. ஓக்லஹோமா சட்டமன்றத்தில் பில் வைஸ்மன் என்ற இளம் உறுப்பினர் அதற்கு ஆதரவாக வாக்களித்தார். மனம் ஒப்பவில்லை, எதிர்த்தால் அடுத்த தேர்தலில் தோற்போம் என்ற பயம். அந்த உறுத்தலில் பிறந்ததுதான் மரண ஊசி. கொல்வதைத் தடுக்க முடியவில்லை, வலியில்லாமலாவது கொல்லட்டும் என்று நினைத்தார்.

மருத்துவர் சங்கத்திடம் யோசனை கேட்டார். உயிர் காக்கிறவர்கள் இதில் கைவைக்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். முன்வந்தவர் ஜே சாப்மன். மாநிலத்தின் தலைமைப் பிணப் பரிசோதனை மருத்துவர். அவர் சொல்லச் சொல்ல வைஸ்மன் எழுதிக்கொண்டார். கையில் சலைன் ஏற்றி, அதன் வழியே மயக்க மருந்து, பிறகு தசைகளை முடக்கும் மருந்து. இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் குளோரைடைச் சாப்மன் பின்னர் சேர்த்தார். ஆய்வு எதுவும் நடத்தாமலே 1977 மே மாதம் அது சட்டமாயிற்று. முதலில் பயன்படுத்தியது டெக்சாஸ். 1982 டிசம்பர் 7, ஹண்ட்ஸ்வில் சிறை.

அந்த நடு மருந்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தசைகளை முடக்கும் அந்த மருந்தான பான்குரோனியம் வலியைக் குறைக்காது, நினைவையும் அழிக்காது. முகம், கை கால், மூச்சு எல்லாவற்றையும் அசையவிடாமல் கட்டிப்போடும். மயக்கம் சரியாக ஏறவில்லை என்றால், மூச்சு முட்ட, பொட்டாசியம் ரத்தக்குழாய்களை எரிக்க, கத்தவும் முடியாமல் அந்த மனிதர் கிடப்பார். கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் சாட்சிகளுக்கு அவர் தூங்குவதாகத் தெரியும். அதனால் நிம்மதி அடைகிறவர்கள் அந்தச் சாட்சிகள் மட்டும்தான். வளர்ப்புப் பிராணிகளைக் கருணைக்கொலை செய்ய இவ்வகை மருந்தை டென்னசி மாநிலம் சட்டம் போட்டே தடுத்திருக்கிறது. மனிதருக்கு அந்தத் தடை இல்லை.

வைஸ்மன் பின்னாளில் பாதிரியார் ஆனார். தான் செய்ததற்காக வருந்தி எழுதினார். 2011-ல் அந்த மயக்க மருந்தின் தயாரிப்பை அதன் அமெரிக்க நிறுவனம் கைவிட்டது. சிறைகள் வேறு மருந்துகளைத் தேடின. 2014-ல் ஓக்லஹோமாவில் ஒரு கைதி, மயக்க மருந்து ஏற்றிய பிறகும் தலையைத் தூக்கி, முனகி, 43 நிமிடம் கழித்து இறந்தார். மறு ஆண்டே அம்மாநிலம் நைட்ரஜன் வாயுவுக்குச் சட்டம் இயற்றியது. கட்டிப்போட்ட மனிதரைக் கொல்லலாமா என்ற கேள்விக்கு அங்கே கிடைத்த பதில் இன்னொரு கருவி.

இங்கே இந்தியாவிலும் தூக்குக்குப் பதிலாக ஊசி போன்ற வழிகளைக் கேட்டு 2017-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு போனது. அதுவும் இரக்கத்தின் பெயரால் எழுதப்பட்டதுதான்.